எடைக்கல் தண்ணீர்

ஆசியாவுக்கு ராணியைக் கண்டால் வயிறு எரிந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஆசியா ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிளகு, காபித்தூள், தேன், குடை, ஸ்வெட்டர் எல்லாம் விற்கும் கடைக்காரி. கடை சொந்தம், மேலே வீடும் சொந்தம். கணவர் சிக்கந்தர் குரல் உயர்த்தாத மனிதர். மகள் நஸ்ரின் சேலத்தில் காலேஜில் படிக்கிறாள். ராணியோ வாழவந்தியில் ஒன்றரை ஏக்கரில் காபியும் மிளகும் போட்டு, மாதம் இரண்டு தடவை பஸ்ஸேறி வந்து இதே கடையில் மூட்டையை இறக்குகிறவள். நியாயமாகப் பார்த்தால் யார் யாரைப் பார்த்து எரிய வேண்டும்? ஆனால் பொறாமை பட்டா சிட்டா பார்த்துக்கொண்டு வருவதில்லை.

எல்லாம் தண்ணீரால் வந்த வினை.

ஏழு வருஷத்துக்கு முன்பு ஓர் ஐப்பசி மாதம், மழைக்குக் கடையில் ஒதுங்கிய அம்மாள் ஒருவர், குடை விலையைக் கேட்காமல், “உங்களுக்கு மொட்டை மாடி இருக்குங்களா?” என்று கேட்டார். பெயர் புஷ்பலதா. பிறந்தது சேலம், வேலை பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில். தண்ணீரை நிறுத்துப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதுதான் வேலை என்றார். அடுத்த மாதமே ஆசியாவின் மொட்டை மாடியில் ஒரு புனலும் ஒரு குழாயும் ஒரு கேனும் வந்து உட்கார்ந்தன.

“தண்ணியில ஹைட்ரஜன்னு ஒண்ணு இருக்கு. ஆறாயிரத்துச் சொச்சத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் மத்ததவிட ரெண்டு மடங்கு கனம். அந்தக் கனமானது எத்தனை இருக்குன்னு எண்ணுறதுதான் என் பொழப்பு” என்றார் மேடம். “மாசக் கடைசியில ஒரு பாட்டில் பிடிச்சு அனுப்புங்க. மூடி மட்டும் இறுக்கமா இருக்கணும். திறந்து கிடந்தா லேசானது முதல்ல பறந்துடும், கனமானது தங்கிடும். அப்புறம் அதுல மழையோட கதை இருக்காது, மூடியோட கதைதான் இருக்கும்.”

ஆசியா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஏழு வருஷம், எண்பத்து நான்கு பாட்டில். தம்பி இர்பானின் நிக்காஹ் அன்றுகூட, பந்தி முடிந்ததும் பட்டுப்புடவையோடு கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பார்த்தாள். அன்று மாதக் கடைசி. “எனக்கு நீ ஒருத்திதான். உனக்குத்தான் ரெண்டு பேரு. மொதல்ல அந்தப் புனலு, அப்புறம் நானு” என்று சிக்கந்தர் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கும் அதில் பெருமைதான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுடைய மழை பெங்களூரில் ஒரு மிஷினுக்குள் போய் நம்பராக வெளியே வருகிறது என்றால் சும்மாவா?

இரண்டரை வருஷத்துக்கு முன், “மலைக்கு அந்தப் பக்கம் ஊற்றுத் தண்ணி எடுத்துத் தர நம்பிக்கையான ஆள் இருக்காங்களா?” என்று மேடம் கேட்டபோது, ராணியின் பெயரைச் சொன்னவள் ஆசியாதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ராணியின் நிலத்தில் பாறைக்கு அடியிலிருந்து ஊற்று ஒன்று வருஷம் முழுக்க ஒரே சீராக வடிந்தது. அதிலிருந்து பிடித்த பாட்டிலை மூட்டையோடு கொண்டுவந்து ஆசியாவிடம் கொடுப்பாள். ஆசியா இரண்டையும் சேர்த்துக் கூரியரில் போடுவாள். ஆறாவது மாதம் மேடம் போனில், “ஆசியா, அந்த ராணி தண்ணி எத்தனை தடவை அளந்தாலும் ஒரே நம்பர். தங்கம்!” என்றார்.

அத்தனை வருஷத்தில் ஆசியாவுக்கு வந்ததெல்லாம், “சாம்பிள் கிடைத்தது, நன்றி.” அவ்வளவுதான். தங்கம் கிங்கம் எதுவும் வந்ததில்லை. மழை மாதத்துக்கு மாதம் மாறத்தான் செய்யும், ஊற்று மாறாது, இதில் ராணியின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? அவள் செய்வது பாறைக்கு முன்னால் பாட்டிலை நீட்டுவது. அதைக் குரங்கும் செய்யும். இப்படியெல்லாம் ஆசியா மிளகு சலித்துக்கொண்டே யோசித்தாள்.

அன்றிலிருந்து ராணியிடம் எதைப் பார்த்தாலும் குற்றமாகத் தெரிந்தது. பாட்டிலில் தேதி எழுதும்போது நாக்கைத் துருத்திக்கொள்கிறாள். மேடத்தோடு போனில் பேசும்போது தேவையில்லாமல் சிரிக்கிறாள்.

இந்தப் புரட்டாசியில் மேடம் நேரிலேயே வந்தார். ராணியும் மூட்டையோடு வந்திருந்தாள். மேடம் காபி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

“பூமி பிறந்தப்ப கொதிச்சுக் கிடந்துது. அப்ப இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு? தண்ணிக்குத் தாய்வீடு எது? இதுதான் கேள்வி. வால்நட்சத்திரம் பூராவும் பனிக்கட்டி, அதுங்க வந்து மோதித்தான் கடல் ரொம்புச்சுன்னு முதல்ல சொன்னாங்க. ஒரு வால்நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே விண்கலம் அனுப்பி அளந்து பாத்தாங்க. கடல்ல இருக்கிறத விடக் கனமானது மூணு மடங்கு. ஜாடையே ஒத்துவரல. வேற சில வால்நட்சத்திரத்துல ஒத்துவருது. விண்கல்லுலயும் ஒத்துவருது. வழக்கு இன்னும் முடியல.”

வடக்கே ஒரு வயலில் விழுந்த விண்கல்லின் துண்டு ஒன்று மேடத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வரப்போகிறது. அதற்குள் பூட்டிக் கிடக்கும் துளித் தண்ணீரைச் சூடாக்கி வெளியே எடுத்து அளக்கவேண்டும். அளப்பதற்கு, கனம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த தண்ணீர் ஒன்று பக்கத்தில் வேண்டும்.

“எடைக்கல்லு மாதிரிங்களா?” என்றாள் ஆசியா.

“அதேதான்! எடைக்கல் தண்ணி. அம்பது லிட்டர் பிடிச்சுச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பியில அடைச்சு வெச்சுட்டா பத்து வருஷம் வரும். இங்கிருந்துதான் எடுக்கறதா இருக்கேன். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் தண்ணி. ஊர் பேரும் எடுத்தவங்க பேரும் அதுக்கு வெப்போம். வெளிநாட்டுக்காரன் எங்க அளவைக் கேட்டாலும் அந்தப் பேரச் சொல்லித்தான் கேக்கணும்.”

‘ஏற்காடு ஆசியா’ என்று அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

“என்ன, கல்லுக்குள்ள இருக்கிறது கொஞ்சம் கனமான தண்ணியாத்தான் இருக்கும்னு நினைக்கிறோம். எடைக்கல்லும் கனமா இருந்தா வசதி. இதுவரைக்கும் பாத்ததுல ராணியோடது உங்களுதவிட ஒரு பொட்டுக் கனம் ஜாஸ்தி. எதுக்கும் ரெண்டு பேரும் புதுசா அஞ்சஞ்சு லிட்டர் அனுப்புங்க, பாத்து முடிவு பண்றேன்.”

ஒரு பொட்டு! சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு பொட்டு ஆசியாவின் தலைக்குள் குடைந்தது. ஒரு பொட்டில் தோற்பதா? அதுவும் ராணியிடமா?

“வானத்துல இருந்து விழுந்த தண்ணிக்கு நீ எதுக்கும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?” என்றார் சிக்கந்தர்.

“உங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க.”

“புரியுது புரியுது. அவ பேர வெச்சா உனக்குச் சோறு எறங்காது.”

சிக்கந்தருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. அதனாலேயே அவள் அவரிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

ஆசியா பிறந்ததும் கடைக்காரக் குடும்பத்தில்தான். “தராசுல கை வெச்சவன் தொழுகையில கை கட்டி என்ன பிரயோஜனம்?” என்று அவளைப் பெற்ற அத்தா சொல்லுவார். இந்த நாற்பத்து மூன்று வயதுவரை ஒரு கிராம் மிளகில்கூட அவள் கை வைத்ததில்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. திறந்து வைத்தால் லேசானது பறந்துபோகும், கனமானது தங்கும் என்று சொல்லிக்கொடுத்ததே மேடம்தானே? கனமான தண்ணீர்தான் வேண்டுமென்றால் அதைக் கனமாக்கிக் கொடுப்பதில் என்ன தப்பு? பாலைச் சுண்டக் காய்ச்சினால் அது பால் இல்லை என்று ஆகிவிடுமா? எதையும் சேர்க்கவில்லையே! மனசு ஒரு காரியத்தைச் செய்யத் துணிந்துவிட்டால் அதற்கு வக்கீலையும் அதுவே வைத்துக்கொள்ளும்.

ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்தது. கேனில் பிடித்ததில் எட்டு லிட்டரை அளந்து எடுத்தாள். நிக்காஹ் சீருக்கு வாங்கிய பெரிய தாம்பாளம் இரண்டில் ஊற்றி, மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, தூசி விழாமல் மெல்லிய வெள்ளைத் துணியால் மூடினாள். சிக்கந்தரிடம், “வத்தல் காயுதுங்க, மேல போயிடாதீங்க” என்றாள். மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் நாள் மாலை ஐந்து லிட்டர் மிச்சம் இருந்தது. கேனில் ஊற்றி, மூடியை இறுக்கி, டேப் சுற்றி, ‘ஏற்காடு’ என்று அழகாக எழுதினாள்.

மறுநாள் ராணி தன் கேனை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். “ஏனுங்கக்கா, மூடி செரியா இருக்குதான்னு நீங்க ஒருக்காப் பாருங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றாள்.

ஆசியா அந்த மூடியில் கை வைத்தாள். இடப்பக்கம் அரைத் திருகு திருகினால் போதும். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் அடுத்தவள் பொருளைக் கெடுக்கும் அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் இல்லை. வலப்பக்கம் இறுக்கித் திருகி, டேப் சுற்றிக் கொடுத்தாள். அப்படிச் செய்ததில் தனக்கே ஒரு நல்ல பேர் கொடுத்துக்கொண்டு, தாம்பாள விஷயத்தை அதற்கடியில் ஒளித்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மேடம் கடைக்கு வந்தபோது முகம் சரியில்லை. ராணியையும் வரச்சொல்லியிருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், கல்லா மேஜையில் கிடந்த பழைய பேப்பரில் சாய்வாக ஒரு கோடு போட்டார்.

“தண்ணியில கனமான ஹைட்ரஜன் இருக்கிற மாதிரி கனமான ஆக்சிஜனும் இருக்கு. மழையில ரெண்டும் சேந்துதான் ஏறும், சேந்துதான் இறங்கும். இந்தக் கோட்டு மேலயே போகும். காத்துப்பட்டு ஆவியாச்சுன்னா கோட்டை விட்டு விலகிடும்.” கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தார். “இது ராணி.” கோட்டுக்கு வெகு கீழே, வலது பக்கம், இன்னொரு புள்ளி. “இது உங்க கேன், ஆசியா.”

ஆசியா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கனமாகத்தான் ஆகியிருந்தது. ஆனால் எப்படிக் கனமானது என்பதையும் அதுவே போய்ச் சொல்லியிருந்தது.

“மூடி லூசா இருந்துச்சா?”

ஆசியா வாய் திறப்பதற்குள் சிக்கந்தர் குறுக்கே வந்தார். “கூரியர்காரங்க கேனக் கவுத்துப் போட்டிருப்பாங்க மேடம். அவனுங்க அப்படித்தானுங்க.”

“அப்படியே இருந்தாலும் கஷ்டந்தாங்க” என்றார் மேடம். “ஏழு வருஷத்துல உங்க ஏப்ரல், மே மாசத்துப் பாட்டில் எல்லாம் இந்தக் கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி நிக்குது. கோடையில காத்து உலர்ந்து கிடக்குறதால, மழை மேலருந்து விழும்போதே வழியில ஆவியாகுதுன்னு ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருக்கேன். உங்க எண்பத்து நாலு பாட்டிலும்தான் அதுக்குச் சாட்சி. இப்ப இந்தக் கேனை மறைக்க முடியாது, எழுதித்தான் ஆகணும். எழுதினா என்ன கேப்பாங்க? இவங்க மூடி இப்படின்னா, கோடைப் பாட்டில் மூடியும் அப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்லுவாங்க. விலகுனது மழை இல்ல, மூடின்னு ஆயிடும். ஏழு வருஷத்தையும் எடுத்துப் போட வேண்டியதுதான்.”

“அக்கா மூடிய லூசா வெக்க மாட்டாங்க மேடம்” என்றாள் ராணி பட்டென்று. “என்ற கேன் மூடியவே அவுங்கதானுங்க இறுக்கி உட்டாங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

வேறு யார் பரிந்து பேசியிருந்தாலும் ஆசியா தாங்கியிருப்பாள். போய் ராணியின் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. ‘ஆமாங்க, மூடி லூசா இருந்திருக்கும்’ என்று சொல்லிவிட்டால் போதும். கவனக்குறைவு, அவ்வளவுதான், யாருக்கும் வருவது. மேடம் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் எண்பத்து நான்கு மாதமும் போய்விடும். தம்பி நிக்காஹில் பட்டுப்புடவையோடு ஓடியது, காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடியேறியது, ஒவ்வொரு மூடியையும் திருகித் திருகி விரல் காய்த்துப்போனது, எல்லாமே ஒரு லூசு மூடிக்காரியின் வேலையாகிவிடும். உண்மையைச் சொன்னால் அந்த மாதங்கள் பிழைக்கும். ஆனால் ராணியின் முன்னால் சொல்லவேண்டும். ராணியின் முன்னால்!

“மூடி லூசு இல்லீங்க மேடம்” என்றாள் ஆசியா. “நாந்தான் திறந்து வெச்சேன். எட்டு லிட்டரத் தாம்பாளத்துல ஊத்தி, மொட்ட மாடியில ரெண்டு நாள் வெயில்ல வெச்சேன். அஞ்சு லிட்டர் ஆச்சு. அதத்தான் அனுப்பினேன்.”

“எதுக்கு?”

“கனமாகட்டும்னுங்க. ராணியோடதவிட என்னுது கனமாகட்டும்னு.”

தேன் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த டூரிஸ்ட் ஒருவர் அதைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனார். சிக்கந்தர் தரையைப் பார்த்தார்.

மேடம் பேனாவை எடுத்தார். “எட்டு அஞ்சாச்சா? அளந்தீங்களா, குத்துமதிப்பா?”

“அளந்தேனுங்க.”

“என்னைக்கு? வெயில் எப்படி? துணி போட்டீங்களா?”

ஒவ்வொன்றுக்கும் ஆசியா பதில் சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படிக் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. மேடம் பேப்பரின் ஓரத்தில் வெகுநேரம் கணக்குப் போட்டார். கடைசியில் பேனாவை மூடினார்.

“ஒத்துவருது. எட்டு அஞ்சானா புள்ளி இங்கதான் விழணும். அப்ப மூடி மேல குத்தமில்ல. பழைய பாட்டில் எதுவும் கெட்டுப்போகல.” பேப்பரை மடித்தார். “எனக்குக் கோபமாத்தான் இருக்கு ஆசியா. ஆனா இப்ப நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் பாழாப் போயிருப்பேன்.”

“எடைக்கல்லு ராணியோடதுதானுங்களா?” கேட்கவேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டாள்.

“ராணியோடதுதான். இனிமே உங்க மழைப் பாட்டிலையும் அத வெச்சுத்தான் நிறுப்போம். வர்ற மாசம் வழக்கம்போல அனுப்புங்க.”

மேடம் கிளம்பிப் போனார். சிக்கந்தர் டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார். அவருக்கு இந்த மாதிரி இடங்களில் நிற்கத் தெரியாது.

ஆசியா திட்டு வாங்கத் தயாராக நின்றாள். ராணி மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க செஞ்சது தப்புத்தானுங்கக்கா.”

“தப்புத்தான் ராணி.”

“நெசமாலுமே என்னயப் பாத்தா பொறாமப்பட்டீங்க?”

அந்தக் குரலில் கோபத்தைக் காணோம். ஆசியா நிமிர்ந்து பார்த்தாள். ராணியின் கண்கள் அகல விரிந்திருந்தன.

“ஆமா. வயிறு எரிஞ்சு செத்தேன்.”

“எத்தன நாளாங்க?”

“ரெண்டு வருஷம் ஆகுது.”

“ரெண்டு வருஷமா!” ராணி வாயில் கை வைத்துக்கொண்டாள். “நான் பொறந்ததுலருந்து ஒருத்தருகூட என்னயப் பாத்துப் பொறாமப்பட்டதில்லீங்கக்கா. எம்பட தங்கச்சிகூடப் பட்டதில்ல. எதப் பாத்துப் படுவாங்க, சொல்லுங்க? நீங்க, இத்தாப்பெரிய கடை வெச்சிட்டு, மாடி ஊடு வெச்சிட்டு...” மேற்கொண்டு பேச முடியாமல் சிரித்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து நம்பரை அழுத்தினாள். “அக்கா, என்ற ஊட்டுக்காரருகிட்ட இத ஒருக்காச் சொல்றீங்களா? நாஞ் சொன்னா அந்த மனுசன் நம்பவே மாட்டாருங்க.”

மாட்டேன் என்று சொல்ல ஆசியாவுக்கு வாய் வரவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் வெங்கடேஷ், “அலோ, ஏம்புள்ள, பஸ்ஸு ஏறிட்டயா?” என்றான்.

“நான் ஆசியா பேசுறேனுங்க, கடைக்கார அக்கா. உங்க சம்சாரத்தப் பாத்து எனக்கு நொம்பப் பொறாமைங்க. ரெண்டு வருஷமாங்க.”

“என்னதுங்க? யாரப் பாத்துங்க?”

“ராணியப் பாத்துங்க. உங்க ராணியப் பாத்துத்தான்.”

மூட்டையின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்த ராணியின் முகம் பொங்கி வழிந்தது. இப்படி ஒரு சந்தோஷம் தன் முகத்தில் எப்போதாவது வந்திருக்குமா என்று ஆசியா யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

“அந்தப் பொறாம இன்னும் போகலீங்க” என்றாள் போனில். “இந்த நிமிஷம்கூடப் பொறாமையாத்தான் இருக்குது.”